தொண்ணூற்றாறு மணி நேரம்

புழல் ஏரி நிரம்புகிற ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சியில் சில ஊர்ப் பெயர்கள் ஓடும். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடயங்குப்பம். உபரிநீர்க் கால்வாயின் கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்கிற எச்சரிக்கை அது. மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவே இருக்கும் மாத்தூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாமே அக்கம்பக்கத்து ஊர்கள்தாம்.

மதகு திறந்ததும் அந்தக் கால்வாயில் இறங்குவது சென்னை குடிக்கிற தண்ணீர். அதே தண்ணீர் சடயங்குப்பத்தைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து கொசஸ்தலை ஆற்றோடு சேரும்போது, அதை அள்ளி வாய் கொப்பளிக்கக்கூட யாருக்கும் மனம் வராது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அப்படி என்ன நடந்துவிட்டது? வழிநெடுக வீட்டுச் சாக்கடை கலக்கிறது. 1960-களின் கடைசியிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஆலைகள் நெருங்கிவிட்ட மணலி வழியில் இருக்கிறது. கழிமுகத்தை எட்டினால் பக்கிங்காம் கால்வாய் சுமந்துவரும் அழுக்கும், அனல்மின் நிலையங்களின் சுடுநீரும், சாம்பல் குழம்பு படிந்த தரையும் காத்திருக்கின்றன.

இந்தக் கால்வாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால் ஒரு தாள் வரும். அமில-காரத் தன்மை இவ்வளவு, கரைந்த உப்பு இவ்வளவு, அம்மோனியா இவ்வளவு, காரீயம் இவ்வளவு. அந்தத் தாள் அவசியமானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கரையில் நிற்கிற ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதில் பதில் இருக்காது: இந்தத் தண்ணீரில் ஒரு மீன் பிழைக்குமா?

ஏன் பதில் இல்லை என்பதற்கு அம்மோனியா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் அது இரண்டு உருவத்தில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் மீனின் செவுளுக்குள் எளிதில் நுழைவதில்லை. மின்னேற்றம் இல்லாத அம்மோனியா நுழைந்துவிடும், அதுதான் நஞ்சு. 25 டிகிரி வெப்பநிலையில், அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். 7 என்று இருந்தால், மொத்த அம்மோனியாவில் நஞ்சான பங்கு 100-க்கு 1-கூட இல்லை. 8 ஆனால் 5-க்குச் சற்று மேல். 9 ஆனால் ஏறக்குறைய 36. பாசி பிடித்த தண்ணீரில் வெயில் ஏற ஏற பி.எச். தானாகவே உயரும். அப்படியென்றால், விடியற்காலையில் பிடித்த தண்ணீரும் நடுப்பகலில் பிடித்த தண்ணீரும் மொத்த அம்மோனியாவில் ஒரே எண்ணைக் காட்டலாம். ஒன்றில் மீன் நீந்தும், இன்னொன்றில் செத்து மிதக்கும்.

இது ஒரே ஒரு பொருளின் கதை. வடசென்னையின் தண்ணீரில் எந்தப் பொருளும் தனியாக வருவதில்லை. 2002-இல் லண்டனில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் எட்டு வேதிப்பொருள்களை எடுத்து, தனியாக இருந்தால் எந்த விளைவும் தெரியாத அளவுக்கு ஒவ்வொன்றையும் குறைத்தார்கள். பிறகு எட்டையும் ஒன்றாகக் கலந்து, அதற்கெனத் தயார்செய்த ஈஸ்ட் செல்களுக்குக் கொடுத்தார்கள். ஈஸ்ட் விளைவைக் காட்டியது. எட்டுப் பொருளையும் தனித்தனியே அளந்து ‘எல்லாம் வரம்புக்குள்’ என்று எட்டு முறை எழுதியிருந்தால் அந்த விளைவு யாருக்கும் தெரிந்திருக்காது. கலவையின் மொத்தக் கணக்கைக் கூட்டிச் சொல்வது உயிருள்ள செல்லுக்கே முடிகிறது. நீரின் நச்சுத்தன்மையை உயிரினங்களைக் கொண்டு அளக்கும் முறைக்கு அடிப்படை இதுதான். உயிரியல் மதிப்பீடு என்று பாடநூல்கள் சொல்லும். பேச்சு வழக்கில் பயோ-அஸ்ஸே.

நம் சட்டத்திலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கழிவுநீருக்கான பொதுத் தர அட்டவணை ஒன்று உண்டு. பாதரசம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று நீளும் அந்த அட்டவணையில் ஒரு வரி வேறு மாதிரி பேசும்: துளியும் நல்ல தண்ணீர் கலக்காத, 100 சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட பிறகும் 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். நான்கு பகல், நான்கு இரவு. பத்து மீன் விட்டால் ஒன்பது நீந்த வேண்டும். இவ்வளவு நேரடியான ஒரு சட்ட வாசகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

சோதனை எப்படி நடக்கிறது? ஒரே வயதுள்ள, நோயில்லாத மீன்களைச் சில நாள் நல்ல தண்ணீரில் பழக்குவார்கள். பிறகு தொட்டிகளில் சோதனை நீர் 100 சதவீதம், 50, 25, 12.5, 6.25 என்று பாதி பாதியாகக் குறைத்து நிரப்புவார்கள். கடைசித் தொட்டியில் நல்ல தண்ணீர் மட்டும் இருக்கும். அதுதான் ஒப்பீட்டுத் தொட்டி. அங்கே பத்தில் ஒன்றுக்கு மேல் மீன் செத்தால் சோதனையே செல்லாது. தண்ணீரில் பிராணவாயு குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மீன் நஞ்சால் செத்ததா, மூச்சுத் திணறிச் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏரியில் விடியற்காலையில் மீன் மொத்தமாகச் செத்து மிதந்தால் பெரும்பாலும் காரணம் மூச்சுத் திணறல்தான், ஏனென்றால் இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாவும் பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்திருக்கும். 24, 48, 72, 96 மணிகளில் எண்ணிப் பார்த்து, எந்தச் செறிவில் பாதி மீன் சாகிறது என்று கணக்கிடுவார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால் நஞ்சு கடுமையானது.

மீன்தான் வேண்டும் என்பதில்லை. கொளத்தூர் கலர் மீன் கடைகளில் குஞ்சுகளுக்குத் தீனியாக விற்கிற மொய்னாவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் துள்ளும் புள்ளிகள். அதன் உறவினரான டாஃப்னியா, தமிழில் தண்ணீர்த் தெள்ளு, உலகம் முழுக்க ஆய்வகங்களின் முதல் தேர்வு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை, குவளைக்கு ஐந்து வீதம் நான்கு குவளைகளில், ஒவ்வொரு செறிவிலும் விடுவார்கள். 48 மணி நேரத்தில் முடிவு தெரியும். டாஃப்னியா செத்ததா என்று கண்டுபிடிப்பது சிரமம். அதனால் விதி எளிமையாக இருக்கிறது: குவளையை லேசாக அசைத்துவிட்டு 15 விநாடி பாருங்கள், அதற்குள் நீந்தாவிட்டால் ‘முடங்கியது’ என்று குறியுங்கள். நுண்ணோக்கியில் வைத்தால் அதன் உடல் கண்ணாடி. முதுகுப் பக்கம் இதயம் நிமிடத்துக்குச் சில நூறு முறை துடிப்பது, குடலில் பச்சைப் பாசி நகர்வது, அடைகாக்கும் பையில் முட்டைகள் புரள்வது எல்லாம் அறுக்காமலே தெரியும். நஞ்சு ஏறும்போது அந்தத் துடிப்பு தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மீன் முட்டையிலும் இதே வசதி உண்டு. வரி வரியான சின்ன ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன். 1822-இல் கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் எழுதியபோது விவரித்தது. அதன் முட்டை பளிங்கு போல இருக்கும். கருவுற்ற முட்டைகளைச் சோதனை நீரில் இட்டு நான்கு அறிகுறிகளைத் தேடுவார்கள்: முட்டை உறைந்து வெளுத்ததா, முதுகுத் தசைக் கட்டுகள் உருவாகாமல் போயினவா, வால் மஞ்சள் கருப் பையிலிருந்து பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா. நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தக் கரு செத்ததாகக் கணக்கு. வளர்ந்த மீன்களை வதைக்காமல் சோதிக்க 2013-இல் பன்னாட்டு வழிமுறையாக ஏற்கப்பட்டது இது. எத்தனை மீன்களைச் சாகடித்து இந்த அறிவைப் பெற்றோம் என்பதை நினைத்தால், இந்த மாற்றம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

இதுவரை சொன்னது தண்ணீர். எண்ணூரின் சிக்கல் அடியில் இருக்கிறது.

தண்ணீர் ஓடிவிடும், சேறு தங்கிவிடும். பல உலோகங்களும் எண்ணெயும் தண்ணீரில் மிதப்பதைவிட மண் துகளில் ஒட்டுவதையே விரும்புகின்றன. இன்று தண்ணீரைச் சோதித்தால் இன்றைய நிலை தெரியும். சேற்றைச் சோதித்தால் இத்தனை ஆண்டு வந்து சேர்ந்தது தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் முழுக்கப் பரவியது. மேலே மிதந்ததை வாளியில் அள்ளினார்கள். அலையாத்தி வேரிலும் கரைச் சேற்றிலும் ஊறிப்போனதை எந்த வாளியால் அள்ள முடியும்?

அந்தச் சேற்றில் மனிதர்கள் இறங்குகிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காணலாம். அவர்கள் கைக்கு வலையில்லை, உறையில்லை. சேறு நஞ்சா என்ற கேள்வி அவர்களுக்குத் தோலைத் தொடுகிற கேள்வி.

சேற்றைச் சோதிக்க, சேற்றில் வாழும் உயிர் வேண்டும். கொளத்தூர் கடையில் சிவப்பாக நெளியும் ரத்தப்புழு அதற்கு ஏற்றது. அது புழுவே இல்லை. மாலையில் தெருவிளக்கைச் சுற்றி மொய்க்கும், கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். உடலில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு, அதனால்தான் பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. ஒரு குவளையில் 100 மில்லி சேறு, மேலே 175 மில்லி நல்ல தண்ணீர், அதில் பத்துப் புழுக்கள். இப்படி எட்டுக் குவளைகள். தினமும் கொஞ்சம் தீனி. பத்து நாள் கழித்துச் சேற்றைச் சலித்து, எத்தனை பிழைத்தன, எவ்வளவு எடை போட்டன என்று பார்ப்பது அமெரிக்காவில் வகுத்த முறை. நஞ்சு குறைவாக இருந்தால் புழு சாகாது, வளராது. இன்னும் நுட்பமான அடையாளம் அதன் தாடைப் பகுதியில் இருக்கிறது. அங்கே சீப்புப்பல் போன்ற வரிசை ஒன்று உண்டு. உலோகமும் பூச்சிக்கொல்லியும் கலந்த சேற்றில் வளர்ந்த புழுக்களில் அந்த வரிசை கோணலாகவும் பல் விட்டும் இருக்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்ப்பது, ஒரு பிள்ளையின் பால்பல்லில் குறை கண்டதுபோல மனதை உறுத்தும்.

இங்கே வேதியியல் தாள் நம்மை இன்னொரு வகையிலும் ஏமாற்றக்கூடும். பிராணவாயு இல்லாத கறுப்புச் சேற்றில் கந்தகம் சல்ஃபைடு உருவில் இருக்கும். அழுகிய முட்டை வாடை அதன் உறவுதான். காட்மியம், காரீயம், செம்பு, துத்தநாகம் போன்றவற்றை அந்த சல்ஃபைடு இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாளில் உலோகத்தின் அளவு பயமுறுத்தும், ஆனால் புழு பிழைக்கும். அதே சேற்றைத் தோண்டி, கிளறி, காற்றுப் பட வைத்தால் சல்ஃபைடு சிதைந்து உலோகம் விடுபடும். தாளில் எண் மாறவே இல்லை, புழு செத்துவிடும். முகத்துவாரம் அடைபடாமல் இருக்கத் தூர்வாரத்தான் வேண்டும், மீனவர்கள் கேட்பதும் அதுவே. அதைச் செய்வதற்கு முன், கிளறிய சேற்றில் எது பிழைக்கும் என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

கழிமுகத்தில் இன்னொரு தொல்லை உப்பு. மாத்தூர்ப் பக்கம் கால்வாய் நன்னீர். எண்ணூரில் ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும். டாஃப்னியா நன்னீர்ப் பிராணி; எண்ணூர் நீரில் விட்டால் உப்பினாலேயே செத்துவிடும், பழி நஞ்சின் மேல் விழும். அதனால் அந்த இடத்துக்கு அந்த இடத்து உயிரைத் தேட வேண்டும். சென்னையில் கடலோர ஆய்வு செய்பவர்கள் காரீயத்தின் பாதுகாப்பு அளவைக் கணிக்க மடவை, கீச்சான் மீன்களைப் பயன்படுத்தியது இதனால்தான். இரண்டும் நம் மீன் கூடையில் கிடப்பவை.

ஆய்வகத்துக்கு உயிரைக் கொண்டுவருவது ஒரு வழி. ஆற்றிலேயே வாழ்ந்த உயிரிடம் கேட்பது மற்றொரு வழி. பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையினர் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இரண்டாவது வழியில் போனார்கள். கோவளம் கழிமுகத்து மடவையையும் எண்ணூர் மடவையையும் எடுத்து, கல்லீரல் செல்களை ஒப்பிட்டார்கள். வெப்பமோ நஞ்சோ தாக்கும்போது செல்லில் புரதங்கள் மடிப்புக் குலைந்து போகும். அவற்றை மீண்டும் மடித்துச் சீராக்க வெப்ப அதிர்வுப் புரதம் என்கிற வேலைக்காரனை செல் கூடுதலாக உண்டாக்கும். எண்ணூர் மடவையின் கல்லீரலில் அந்தப் புரதம் கூடியிருந்தது. கொழுப்பு சிதைந்த அடையாளங்களும் கூடியிருந்தன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மீன், சந்தையில் அருகருகே வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஒரு மீன் சும்மா வாழ்கிறது, மற்றது வாழ்வதற்காக ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் செலவாகும் தெம்பு வளர்வதற்கும் முட்டையிடுவதற்கும் போயிருக்க வேண்டியது. வடசென்னையின் ஒரு மகளிர் கல்லூரி தன் வாசலில் இருக்கும் ஆற்றைப் பற்றிச் செய்த இந்த வேலை இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

பச்சை ஆழி எனும் கடல் சிப்பியும் இப்படிப்பட்ட சாட்சி. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி அது. தண்ணீரில் அற்பமாக இருக்கும் உலோகம் அதன் உடலில் பன்மடங்கு சேரும். ஆழிகளைக் கொண்டு கடற்கரைகளைக் கண்காணிக்கலாம் என்று அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-இல் முன்மொழிந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தினர் எண்ணூர் ஆழியின் செவுள், செரிமானச் சுரப்பி, தசை ஆகியவற்றில் உலோகங்களை அளந்து, திசுக்கள் சிதைந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டு 2012-இல் வெளியிட்டார்கள். போலந்தின் வார்சா நகரில் குடிநீர் எடுக்கும் இடத்தில் எட்டு நன்னீர்ச் சிப்பிகளை உணர்கருவி பொருத்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் அவை ஓட்டை மூடிக்கொள்ளும், உடனே எச்சரிக்கை போய்விடும். 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து ரைன் ஆற்றில் விலாங்குகள் பெருமளவில் செத்த பிறகு, அந்த ஆற்றின் கரைகளில் டாஃப்னியாவை வைத்து இரவு பகலாகக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் உயிர் இருப்பதாலேயே ஆறு நலம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயர் வைத்திருக்கும் கறுத்த ஆழி தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்து சேர்ந்த அந்நிய இனம். கழிமுகத்தின் தரையில் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்து, இறால் புதைய இடமில்லாமலும் மட்டி வளர வழியில்லாமலும் செய்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த விவகாரம் போயிருக்கிறது. உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அங்கே உயிர் பெருகியிருக்கிறது. அதனால்தான் சேற்றை மதிப்பிடும்போது மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: சேற்றில் என்ன இருக்கிறது, அது சோதனை உயிரை என்ன செய்கிறது, அங்கே இயல்பாக வாழ வேண்டிய உயிர்கள் வாழ்கின்றனவா. இத்தகைய கேள்விகளுக்கு மீனவர்கள் நெடுங்காலமாகப் பதில் சொல்லிவருகிறார்கள். மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, வாங்க ஆளில்லை என்று அவர்கள் சொன்னது, எண்ணெய் மீனின் கொழுப்பில் சேர்ந்திருப்பதன் நேரடி அறிகுறி.

நீங்களே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு, அடுக்களையிலேயே. 1938-இல் ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவான் தொடங்கிவைத்தது. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 46 என்று பின்னாளில் நிறுவிய இருவரில் ஒருவர் அவர். ஒரே அளவுள்ள பத்துச் சின்ன வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் காய்ந்த வேரை மட்டும் சுரண்டிவிட்டு, ஐந்தை நல்ல தண்ணீர்க் குவளைகளின் வாயிலும் ஐந்தைக் கால்வாய் நீர்க் குவளைகளின் வாயிலும், அடி மட்டும் நனையும்படி உட்கார வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கால்வாய் நீரைத் தொடும்போது கையுறை போடுங்கள், அந்த வெங்காயத்தைச் சமைக்காதீர்கள். நான்காம் நாள் ஸ்கேலை வைத்து வேரின் நீளத்தை அளந்து இரண்டு வரிசையாக எழுதுங்கள். வேர் குட்டையாக இருக்கிறதா, நுனி தடித்திருக்கிறதா, கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பும் வேரைக் குட்டையாக்கும் என்பதால் எண்ணூர் முகத்துவார நீருக்கு இது சரிவராது. மாத்தூர், கொசப்பூர்ப் பக்கத்துக் கால்வாய்க்குச் சரிவரும். நீதிமன்றத்தில் காட்டும் சான்றாக இது ஆகாது. எங்கே முறையான சோதனை வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

முறையான சோதனையைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சட்டத்தின் 96 மணி நேர வரி குழாய் வாயில் வரும் கழிவுநீருக்குத்தான் பொருந்தும். பல குழாய்களும் சாக்கடைகளும் கலந்த பிறகு ஆற்றில் என்ன ஆகிறது என்பதையோ, அடியில் கிடக்கும் சேற்றையோ அது தொடவில்லை. பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு மணலியிலும் எண்ணூரிலும் மாத்தூரிலும் இருந்து போகிறவர்கள், வேதியியல் தாளோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: கழிவுநீரில் மீன்கள் 96 மணி நேரம் பிழைத்தனவா, அந்த அறிக்கை எங்கே? கழிமுகத்துச் சேற்றில் பத்து நாள் கழித்து எத்தனை புழுக்கள் உயிரோடு இருந்தன? இரண்டு கேள்விக்கும் பதில் ஒற்றை எண். அதைத் தெரிந்துகொள்ள நான்கு நாளும் பத்து நாளும் போதும்.